விரிப்பின் மறுபக்கம்

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்ததும் எங்கள் வீட்டிற்கு வண்ணம் பூச ஏற்பாடு செய்தேன். 1983ஆம் ஆண்டில் கட்டிய வீடு. சுவர்களுக்கு இடையிடையே வண்ணம் மாறியிருந்தாலும், சன்னல்களின் மரச்சட்டங்களில் பழைய எனாமல் பூச்சு அடுக்கடுக்காக அப்படியே கிடந்தது.

வேலைக்கு வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். முதல் நாள் முழுவதும் சன்னல்களைச் சுரண்டுவதிலும், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதிலும் கழிந்தது. கூடத்துத் தரை கெடாதவாறு கனத்த பருத்தி விரிப்பொன்றை விரித்திருந்தார். மாலையில் அதை அள்ளியெடுத்துக்கொண்டு வாசற்படிக்குச் சென்று, இரு முனைகளையும் பற்றி ஓங்கி ஓர் உதறு உதறினார். வெண்புகைபோல் தூள் எழுந்து வெயிலில் மிதந்தது. எதிர்வீட்டுக் குழந்தை அந்த வேடிக்கையைக் காணத் தத்தித் தத்தி ஓடி வந்தது.

"உதறாதீங்க தம்பி!" என்று என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப்போய், "தூசிதானே சார்?" என்றார்.

தூசிதான். ஆனால் அந்தத் தூசியின் பின்னே எங்கள் குடும்பத்தின் கதையொன்று இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லாத கதை அது.

*

என் தந்தையாரும் வண்ணம் பூசும் தொழிலாளிதான். திருச்சி பாலக்கரையில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவிடம் ஏணி ஒன்று, மட்டைகளும் தூரிகைகளும் அடங்கிய தகரப் பெட்டி ஒன்று, கித்தான் விரிப்பு ஒன்று ஆகியவையே சொத்தாக இருந்தன. பந்தல்காரர் ஒருவரிடம் கிழிந்துபோன கூடாரத் துணியை விலைக்கு வாங்கி, நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி, அம்மாவைக் கொண்டு தைத்து வாங்கிய விரிப்பு அது. பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். உலர்ந்திருக்கையில் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். நனைந்துவிட்டாலோ தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஏணியை இரவல் கொடுப்பார், தூரிகையையும் கொடுப்பார். விரிப்பை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார். "தூரிகை சுவரைப் பாக்குது. விரிப்பு வீட்டுக்காரங்க மனசைப் பாக்குது" என்பார். சுவரில் ஏற்பட்ட குறையை இன்னொரு முறை பூசி மறைத்துவிடலாம். பிறர் வீட்டுத் தரையில் நாம் விட்டுவந்த கறை நம் பெயரைச் சொல்லிக்கொண்டே கிடக்கும் என்பது அவருடைய எண்ணம். பங்கு ஆலயத்திற்குத் திருவிழாவையொட்டி வெள்ளையடிக்கச் செல்லும்போதும் அதே விரிப்புத்தான், ஏழை வீட்டு மண்தரைக்கும் அதே விரிப்புத்தான்.

அதைப் பேணுவதில் அவருக்குச் சில நியதிகள் இருந்தன. விரிப்பின் ஒரு மூலையில் சிவப்பு நூலால் சிறியதோர் அடையாளம் தைத்திருந்தார். அந்தப் பக்கமே எப்போதும் மேலே இருக்க வேண்டும். வண்ணம் சிந்துவது அந்தப் பக்கத்தில். தரையைத் தொடுவது மறுபக்கம். ஒருநாள் தவறிப் புரட்டி விரித்துவிட்டால்கூட, முந்தைய வீட்டுக் கறை இந்த வீட்டுத் தரைக்கு வந்துவிடுமல்லவா?

சிந்திய துளியை உலரவிடக் கூடாது என்பது இரண்டாவது நியதி. நீரில் கரையும் பூச்சாயின் ஈரத்துணி, எனாமலாயின் மண்ணெண்ணெயில் தோய்த்த சிறு கந்தை. உடனே ஒற்றியெடுத்துவிட வேண்டும். கித்தான் துளிகளை உறிஞ்சுமேயன்றி வெள்ளத்தைத் தாங்காது. டப்பா கவிழ்ந்தால் வண்ணம் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே உலர்ந்து இறுகிவிட்ட மெல்லிய கறையால் கேடில்லை. அதைச் சுரண்டிச் சுரண்டி நூலை அறுக்க வேண்டியதில்லை. தடித்துப் பொருக்காக நிற்பதை மட்டும் தகட்டால் பெயர்த்தெடுத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்திலும் அவர் கண்டிப்பானவர். வெந்நீர் பட்டால் பருத்திக் கித்தான் சுருங்கும்; ஆகவே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சவுக்காரம் போட்டு, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். முறுக்கிப் பிழியலாகாது. இருபுறமும் முற்றாக உலரும்வரை மடிக்கலாகாது. ஈரத்தோடு மடித்த கித்தானில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த நூல் இற்றுப்போகும். அப்படி இற்றுப்போன கித்தானைக் காட்டி, "இது கிழிஞ்சு சாகல; அவசரத்துல செத்துச்சு" என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது.

*

அந்த விரிப்பின்மேல் எனக்கு அன்பு இருக்கவில்லை, வெட்கம்தான் இருந்தது.

துவைத்த விரிப்பு எங்கள் வாசலில் கட்டிய கயிற்றில் ஞாயிறுதோறும் தொங்கும். எத்தனை துவைத்தாலும் போகாத மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, ஊரார் வீட்டுச் சுவர்களெல்லாம் எங்கள் வாசலில் வந்து தொங்குவதுபோல் இருக்கும். சந்தில் நுழைபவர் எவரும் அதைக் காணாமல் இருக்க முடியாது. இன்னார் மகன் இவன் என்று அது உரக்கச் சொல்வதுபோல் எனக்குத் தோன்றும்.

1974ஆம் ஆண்டு, நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசதியான வீட்டுப் பிள்ளையான வகுப்புத் தோழன் ஒருவன் குறிப்பேடு வாங்கிச் செல்ல வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்கு முதல் நாள் அப்பா ஒரு வீட்டின் தேக்குக் கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தார். எண்ணெய்க் கிண்ணம் சரிந்து விரிப்பின் நடுவில் பெருமளவு ஊறிவிட்டது. எண்ணெய் இறுகும்வரை காற்றாடக் கிடக்கட்டும் என்று விரிப்பையும், துடைத்த கந்தைகளையும் தனித்தனியே கயிற்றில் பரப்பிவிட்டு அவர் காலைப் பூசைக்குப் புறப்பட்டுப் போனார்.

தோழன் வரும் நேரம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விரிப்பை இழுத்தேன், கந்தைகளை அதன் நடுவே வைத்து இறுகச் சுருட்டினேன், ஒரு சாக்கில் திணித்துச் சமையற்கட்டின் பின்புறம் விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் இடையே செருகினேன். தோழன் வந்தான், சிரித்துப் பேசினான், போனான். விரிப்பை எடுத்து மீண்டும் விரிக்க நான் மறந்தே போனேன்.

பிற்பகலில் அப்பாதான் முதலில் அந்த வாடையை உணர்ந்தார். எண்ணெய் காய்வது போன்ற கடுமையான வாடை. மறுகணமே பின்கட்டுக்கு ஓடினார். சாக்கின் வாயிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அதைப் பற்றி இழுத்து முற்றத்தில் எறிந்தார். மூட்டை அவிழ்ந்தது, நடுவில் கந்தைகள் கனன்று சிவந்தன. அம்மா குடத்து நீரைக் கொட்டினார். இன்னும் சிறிது நேரம் கழிந்திருந்தால் விறகு பற்றியிருக்கும். விறகுக்கு மேலே ஓலைக் கூரை.

தீக்குச்சி கிழிக்காமல் தீ எப்படி வந்தது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு கலந்து இறுகுவது. அப்போது வெப்பம் பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டி அடைத்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகி, ஒரு கட்டத்தில் தானாகவே தீயாகும். அதனால்தான் இத்தகைய எண்ணெய்த் துணிகளை ஒற்றை அடுக்காக வெளியில் பரப்பி உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிரப்பி மூடிய உலோகப் பாத்திரத்தில் இட்டு வைக்க வேண்டும் என்கிறார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஏன் ஒளித்தாய் என்றும் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. கொப்புளித்த உள்ளங்கையை நீரில் வைத்துக்கொண்டு, "வெளிய கெடந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. சுருட்டி ஒளிச்சதாலதான் பத்திக்கிச்சு" என்று மட்டும் சொன்னார். கருகிய இடத்தை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு அம்மா ஒட்டுப் போட்டுத் தைத்தார். அதன்பின் ஞாயிறுதோறும் அந்த ஒட்டு கயிற்றில் தொங்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

இத்துடன் கதை முடிந்திருந்தால், சிறுவன் ஒருவன் பாடம் கற்றான் என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அந்த விரிப்பு ஒளித்து வைத்திருந்த வேறொன்று எங்களில் எவருக்கும் தெரியாமலே போயிற்று.

அதைத் துவைத்தவர் அம்மா. நியதிகள் அப்பாவுடையவை, உழைப்போ அம்மாவுடையது. சனிக்கிழமை மாலை விரிப்பு வீடு வந்ததும் கொல்லைப்புறத்தில் நின்று முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு உதறுவார். சுரண்டிய பழம்பூச்சின் தூள் அவர் தலையிலும் சேலையிலும் படியும். ஒட்டியிருக்கும் பொருக்குகளை நகத்தால் பெயர்த்தெடுப்பார். ஊறவைத்துத் தேய்ப்பார். பிழியக் கூடாதென்பதால், அப்பா ஒரு முனையையும் அம்மா மறுமுனையையும் பற்றி நீர் வடியும்வரை நிற்பார்கள். பின்னர் அதே கல்லில் எங்கள் பள்ளிச் சீருடைகளும், அப்போது தவழும் பருவத்தில் இருந்த தங்கையின் துணிகளும் துவைபடும். அந்தக் கொல்லைப்புறத்து மண்ணில்தான் தங்கை தவழ்ந்து விளையாடினாள்.

அம்மாவுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். முகம் வெளிறியே இருக்கும். ஒருமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நானும் உடனிருந்தேன். மருத்துவர் பரிவோடுதான் விசாரித்தார். "என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"வீட்ல சும்மாதாங்கய்யா இருக்கேன்" என்றார் அம்மா.

சீட்டில் அவ்வாறே எழுதப்பட்டது. இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரைகள் தரப்பட்டன. நாங்கள் வீடு திரும்பினோம். அடுத்த சனிக்கிழமை மீண்டும் விரிப்பு வந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தத் தூளைப் பற்றி அறிந்தேன். பழைய எனாமல் பூச்சுகளில் பளபளப்புக்கும் நிறத்துக்கும் விரைவில் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளே, வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்தன. ஓராண்டு கழித்து 2017 நவம்பரில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசிய சுவர்களும் கதவுகளும் இன்னும் நம்மைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. பூச்சு அப்படியே இருக்கும்வரை பெரிதாகத் தீங்கில்லை. அதைச் சுரண்டி உலர்ந்த தூளாக்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. மூச்சிலும் உணவிலும் கலந்து உடலுக்குள் போகும் ஈயம், வயிற்றுவலியையும் இரத்தசோகையையும் உண்டாக்கும். எலும்பில் தங்கி, தாய் கருவுற்றிருக்கையில் குழந்தைக்கும் செல்லும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. இவ்வளவு ஈயமானால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அம்மாவின் நோய்க்கு இதுவே காரணம் என்று நான் வழக்காட வரவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் 1989இல் எங்களை விட்டுப் பிரிந்தார். அந்த மருத்துவரின் மீதும் எனக்குக் குறையில்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பதிலில்தான் உண்மை ஒளிந்துகொண்டது.

பெர்னார்தினோ ராமத்சினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் குறித்து ஒரு நூல் எழுதினார். பழங்கால மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். வண்ணம் பூசுவோரைப் பற்றித் தனியே எழுதிய அம்மனிதர், அதே நூலில் துணி வெளுக்கும் பெண்களைப் பற்றியும் தனியே எழுதினார். அதைப் படித்தபோது என் பெற்றோர் இருவரும் ஒரே நூலுக்குள் அமர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. பின்னர் 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளை குறித்து ஓர் உடன்படிக்கை செய்தது. வண்ணம் பூசுவோர் வேலை நேரம் முழுவதும் மேலங்கி அணிய வேண்டும், அவர்கள் கழற்றி வைத்த சொந்த உடைகளில் வண்ணப் பொருள் படாதவாறு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. தொழிலாளியின் சட்டையைப் பற்றிக்கூட எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பாலக்கரைச் சந்து வரை அந்த எண்ணம் வந்து சேரவில்லை.

அப்பாவை இங்கே குற்றவாளியாக நிறுத்த மாட்டேன். விரிப்பின் மறுபக்கம் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதனால் ஊரார் வீட்டுத் தரைகள் தூய்மையாக இருந்தன. ஆனால் அழுக்கு அழிந்துபோவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாங்கள் அகற்றியது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து இறங்கியது. ஒரு வீடு தூய்மையாகும்போது அதன் அழுக்கு யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்க எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

*

வாசற்படியில் திகைத்து நின்ற இளைஞரிடம், "இதை வீட்டுல யார் தம்பி துவைப்பாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிதான் சார்."

"பிள்ளைங்க?"

"ஒண்ணு. இப்பத்தான் தவழுது."

அதற்குமேல் எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பிறகு இருவரும் படியில் அமர்ந்தோம். அப்பாவின் கதையையும் அம்மாவின் கதையையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபின் தம் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

முதலில் எதிர்வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லிக் குழந்தையின் கைகளைக் கழுவச் செய்தோம். வாசலை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். அந்த விரிப்பின்மேல் நீர் தெளித்து, மேற்பக்கம் உள்ளே போகும்படி மெல்ல மடித்து, உறையில் இட்டுக் கட்டி ஒதுக்கினோம். அதைத் துவைத்து மீட்க நான் விரும்பவில்லை. மறுநாள் சன்னல் வேலைக்கென்று கனமான பிளாஸ்டிக் தாள் வாங்கிக் கொடுத்தேன். பழம்பூச்சை நீர் தெளித்து ஈரமாகவே தேய்ப்பது, தூள் விழுந்த தாளை அன்றன்றே உள்முகமாக மடித்துக் கட்டி அப்புறப்படுத்துவது, வேலைச் சட்டையை இங்கேயே மாற்றிக்கொண்டு கைகால் முகம் கழுவிப் போவது என்று ஒப்புக்கொண்டோம். வேலை இரண்டு நாள் கூடுதலாயிற்று. அந்தக் கூலி என் பொறுப்பு.

சுவர் வேலைக்குப் பிளாஸ்டிக் உதவாது. துளிகள் அதன்மேல் உலராமல் தேங்கிக் காலில் ஒட்டி வீடெங்கும் நடக்கும், ஏணியும் வழுக்கும். அதற்குக் கித்தானே சிறந்தது. எனவே புதிய பருத்திக் கித்தான் ஒன்று வாங்கினேன். அவரிடம் கொடுக்குமுன் ஊசியை எடுத்து, ஒரு மூலையில் சிவப்பு நூலால் அடையாளம் தைத்தேன். என் தையல் அம்மாவின் தையலைப்போல் நேராக வரவில்லை.

வேலை முடிந்த அன்று அவர் வழக்கம்போல் விரிப்பை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இங்கேயே துவைச்சிடலாம் தம்பி" என்றேன்.

"வேணாம் சார், நான் பாத்துக்குறேன்."

"இந்த வீட்டு அழுக்கு தம்பி. இந்த வீட்டுலயே இருக்கட்டும்."

தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி ஊறவைத்தோம். அவர் தேய்த்தார், நான் நீர் ஊற்றினேன். முறுக்காமல் ஆளுக்கொரு முனையைப் பற்றி நீர் வடியும்வரை நின்றோம். என் வயதில் அந்தக் கனம் தோளை இழுத்தது. கொல்லையில் கொடி இருக்கிறதே என்று மனைவி நினைவூட்டினார். வேண்டாம் என்றேன்.

வாசலில், தெருவைப் பார்த்து, கயிறு கட்டி விரித்துப் போட்டோம். போவோர் வருவோர் எல்லாரும் பார்த்துச் சென்றார்கள். மாலையில் ஒருபுறம் உலர்ந்ததும், மறுபுறம் உலர அதைத் திருப்பிப் போட்டேன்.